குருவித்துறைக்கு மார்க் ஷீட்டோடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு வருகிற முதல் வியாழக்கிழமை, சோழவந்தான் போகிற காலை பஸ்ஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மடியில் பிளாஸ்டிக் ஃபைல், காலடியில் தூக்குவாளி, ஜன்னலோரம் தூக்கம் கலையாத பிள்ளை, முன் சீட்டில் அப்பத்தா. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன்பே அப்பத்தா சொல்லிவிடும்: "பேத்தி ஐந்நூத்தி எழுபத்தெட்டு தம்பி. குருவுக்கு நேர்ந்திருந்தோம்." எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அதே நேர்த்திதான். குரு கைவிடவில்லை. இனிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குருபகவான் கோவில் இருக்கிற குருவித்துறைக்கு நேரே போய்விடாதீர்கள், வழியில் திருவேடகத்தில் இறங்குங்கள். சமணரோடு நடந்த வாதத்தில் சம்பந்தப் பெருமான் வைகையில் விட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து நின்ற ஊர். பாண்டியனின் மந்திரி குலச்சிறையார் குதிரையில் கரையோரமாகவே பின்தொடர்ந்து வந்து எடுத்த ஏடு அது. பாண்டிய நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் 14, அதில் ஒன்று இது. படிக்கிற பிள்ளையை அழைத்துக்கொண்டு போக இதைப் போல இன்னொன்று எனக்குத் தெரியாது. மதுரைக்காரர்களே இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் ஆதங்கம். ஆவணிப் பௌர்ணமியில் ஏடு எதிரேறிய விழா சமயம் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் ஏடகநாதரையும் ஏலவார்குழலியையும் யாரும் இடிக்காமல், 'நகருங்க, நகருங்க' என்று யாரும் விரட்டாமல் பார்க்கலாம். சம்பந்தரின் ஏடகப் பதிகத்தைப் பிள்ளையின் வாயால் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். மார்க் ஷீட்டைப் பாதத்தில் வைத்து வாங்குவதையும் இங்கேயே முடித்துவிடுவது நல்லது. குருவித்துறைக் கூட்டத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

வைப்பது ஜெராக்ஸாக இருக்கட்டும். நெட்டில் எடுத்த தற்காலிக மதிப்பெண் சான்றிதழின் நகல், நாலு மூலையிலும் மஞ்சள், அது போதும். அம்மனுக்கு மார்க் தெரியாமலா இருக்கும்? ஒரிஜினலில் ஒரு சொட்டு நெய் பட்டால் காகிதம் ஊறி மறுபக்கம் தெரியும், குங்குமக் கை பட்டால் சீல் மேலேயே சிவப்பு அப்பிவிடும். சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் போய் 'இது பிரசாதம் சார்' என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. அதற்குப் பயந்து லேமினேட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அதைவிட மோசம், பிறகு அதில் யாரும் கையெழுத்தோ முத்திரையோ போட முடியாது.

அடுத்து குருவுக்குப் போடும் கொண்டைக்கடலை மாலை. கோவில் வாசலில் கிடைக்கும் என்றாலும் வீட்டில் கோத்ததற்கு ஈடில்லை. கறுப்புக் கடலைதான் வேண்டும். வெள்ளைக் கடலை ஊறினால் மெத்தென்று ஆகி, ஊசி நுழைந்ததும் இரண்டாகப் பிளக்கும். புதன் இரவு பத்து மணிக்குக் கால் கிலோ ஊறப் போட்டால் காலை ஐந்தரைக்குப் பதம் சரியாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும், உடையக் கூடாது. மே மாதப் புழுக்கத்தில் சாயங்காலமே ஊறப் போட்டுவிட்டால் விடிவதற்குள் நுரை கட்டி வாடை வந்துவிடும். அதைச் சாமிக்குப் போட முடியாது, சுண்டலுக்கும் ஆகாது. வடிகட்டி அரைமணி நேரம் துணியில் பரப்பி ஈரம் வாங்கிய பிறகே கோக்க வேண்டும், இல்லையென்றால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். நூல் இரட்டையாக, மஞ்சள் தடவி. நைலான் நரம்பு வேண்டாம், அது கடலையை அறுத்துவிடும். மூக்குக்குக் கீழே குறுக்காக ஊசியை விட்டால் பிளக்காது. 108 கடலை கோத்தால் ஏறக்குறைய இரண்டு முழம் வரும், அதுவே அழகு. மீதியைத் தாளித்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டால் பஸ்ஸிலேயே காலியாகிவிடும்.

இந்த மாலையைச் சிலர் மதுரையிலேயே ஏதாவது சிவன் கோவிலில் தட்சிணாமூர்த்திக்குப் போட்டுவிட்டு 'குருவுக்குப் போட்டாச்சு' என்கிறார்கள். தட்சிணாமூர்த்தி சிவபெருமான், குருபகவான் பிரகஸ்பதி. நேர்ந்துகொண்டது யாருக்கோ அவருக்குத்தான் செலுத்த வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆறிலிருந்து ஏழு வரை குரு ஓரை. ஆனால் அன்றைக்கு ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம். இதை வைத்து வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். மாமனார் ஓரை என்பார், மாமியார் எமகண்டம் என்பார். ஏழரை தாண்டி ஏடகத்தில் அர்ச்சனை, பத்து மணிக்குள் குருவித்துறை என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேரும் வாயை மூடுவார்கள். 

சோழவந்தானில் இறங்கி, ஆற்றுப் பாலம் தாண்டி, தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் வழியாகப் போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும். நாலு பேர் சேர்ந்தால் ஆட்டோ பிடித்துவிடலாம், திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். கோவில் ஊரைத் தாண்டி வைகைக் கரையில் இருக்கிறது. ஆற்றில் குளித்துவிட்டுத் தரிசனம் என்று மாற்றுத்துணியோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அணையில் தண்ணீர் திறந்தால்தான் வைகை ஆறு, இல்லாவிட்டால் மணல்தான். வீட்டிலேயே குளித்துவிட்டு வாருங்கள்.

வாசலில் தொல்லை ஆரம்பிக்கும். 'தட்டு வாங்கினாத்தான் வண்டி நிறுத்தலாம்' என்பார் ஒருவர். 'பிள்ளைக்கு ஜாதகத்துல குரு மறைஞ்சிருக்கு, பரிகாரம் பண்ணாம போகாதீங்க' என்பார் இன்னொருவர். மார்க் வாங்கிவிட்டு நன்றி சொல்ல வந்த பிள்ளைக்கு எதற்குப் பரிகாரம்? காதில் வாங்காமல் நடையைக் கட்டுங்கள். அந்தத் தட்டில் இருக்கும் தேங்காயைக் குலுக்கிப் பார்த்தால் பாதிக்குத் தண்ணீர்ச் சத்தமே கேட்காது. உடைத்து அழுகலாக இருந்துவிட்டால் அப்பத்தா ஒரு மாதம் தூங்காது. வீட்டிலிருந்தே நல்ல காயாகக் கொண்டுவந்துவிட்டால் இந்த வம்பே இல்லை. குருப்பெயர்ச்சியை ஒட்டிய நாட்களில் மட்டும் கைக்குழந்தையோடு வராதீர்கள். வரிசை வெயிலில் நிற்கும்.

உள்ளே போய்விட்டால் அத்தனையும் மறந்துபோகும். சித்திர ரத வல்லபப் பெருமாள் சன்னதிக்கு எதிரே, அவரைப் பார்த்தபடி சுயம்புவாகக் குருபகவான், கூடவே சக்கரத்தாழ்வார். செத்தவரை எழுப்பும் மிருத சஞ்சீவினி வித்தை படிக்க மகன் கசனை அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியாரிடம் அனுப்பிவிட்டு, அவன் அசுரர் இடத்தில் சிக்கிக்கொண்டான் என்றதும் இந்தக் கரையில் வந்து பெருமாளை நோக்கித் தவம் இருந்தவர் அவர். தேவர்களுக்கே வாத்தியார், தன் பிள்ளை படிப்பு என்றதும் இன்னொருவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்! மஞ்சள் வஸ்திரத்துக்கு மேல் அந்தக் கடலை மாலை ஏறும்போது எத்தனை தகப்பன்மார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். விடிகாலை டியூஷனுக்கு வாசலில் வண்டியோடு நின்றது, நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியது, பரீட்சை அன்று பிள்ளையிடம் பேசவே பயந்தது எல்லாம் இவருக்குத் தெரியும். சொல்லத் தேவையே இல்லை. அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும்தான் கேட்பார். அப்பத்தா அங்கேயும் விடாது: "சுவாதி நட்சத்திரம் சாமி... ஐந்நூத்தி எழுபத்தெட்டு." அவரும் சிரித்துக்கொண்டு மாலையை நேராக்குவார். குருவே, உன் புண்ணியம், உன் புண்ணியம் என்பதற்கு மேல் அந்த இடத்தில் வாயில் எதுவும் வருவதில்லை.

சர்க்கரைப் பொங்கல் நேர்ந்தவர்களுக்கு: பச்சரிசி 1 கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் 2 கிலோ, நெய் கால் கிலோ. ஐம்பது தொன்னை வரும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லப்பாகு, அதுவும் மண் போக வடிகட்டி. முன்னால் ஊற்றிவிட்டால் அதன் பிறகு எவ்வளவு எரித்தாலும் அரிசி வேகாது.

திரும்பும்போது சோழவந்தானில் இளவெற்றிலையாகப் பார்த்து ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கு, பழம், வேட்டி துண்டு, ஒரு டப்பா பொங்கலோடு அன்றைக்கே பிள்ளையின் வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டும். ரிசல்ட் சமயத்தில் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமாகும், ஆறு மணிக்கு மேல் போனால் இருப்பார். ஃபைலையும் கையோடு எடுத்துப் போங்கள். கவுன்சிலிங்கில் எந்தக் காலேஜை முதலில் போடுவது, எதைக் கீழே தள்ளுவது என்று பக்கத்தில் உட்கார வைத்து எழுதிக் கொடுப்பார்.