இசைக்கென ஒரு தனி லைன்: நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

கோயம்புத்தூரில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு 1996இல் கட்டப்பட்டது. ஹாலுக்கு அன்று வைத்தது ஒரே ஒரு பவர் பிளக். அதற்கான லைனும் நேராக வருவதில்லை. சமையலறையில் பிரிட்ஜுக்கும் மிக்சிக்கும் போய், அங்கிருந்து லூப் எடுத்து ஹாலுக்கு வருகிறது. அந்த ஒற்றைப் பிளக்கில்தான் ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் பிளேயர், அதன் ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ பெட்டி, சிடி பிளேயர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன் இழுப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது.

சுவரில் கை வைப்பதற்கு முன் கேட்கும் சத்தங்களைத் தரம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று இன்று காலை முழுவதும் அதற்கே ஒதுக்கினேன். மூன்று வகைச் சத்தங்கள் இருக்கின்றன. பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு வெட்டு விழுகிறது. பாட்டு ஓடாதபோது இடைவிடாமல் ஒரு தாழ்ந்த உறுமல் இருக்கிறது. மூன்றாவது சத்தம், ஸ்பீக்கரில் வருவதே அல்ல. மகள் ஹேர் டிரையரைப் பாதிச் சூட்டில் வைத்தால் ஆம்ப்ளிஃபையருக்கு உள்ளேயிருக்கும் வளைய வடிவ டொராய்டு டிரான்ஸ்பார்மரே ரீங்காரமிடுகிறது.

உறுமலின் ஊற்றுக்கண்ணைத் தேட ஆம்ப்ளிஃபையரின் பின்பக்க ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரின் திருகைக் கழற்றிய நொடியில் உறுமலில் பெரும்பகுதி நின்றது. அந்த ஒயரின் மேலுறைப் பின்னல் தெருவில் வேறெங்கோ பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நம் ஆம்ப்ளிஃபையரோ வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால் ஆடியோ ஒயரின் உறை வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றி வருகிறது. தனி லைன் இழுத்தாலும் இது போகாது. பணம் செலவழிக்கும் முன் இது தெளிவாகிவிட்டதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

ஜூன் 4, புதன்

ஒயர் விலை விசாரிக்கக் கடைக்குப் போன இடத்தில், உறுமல் என்ற சொல்லைக் கேட்டதுமே ஒருவர், “எர்த் பின்னை எடுத்து உடுங்க சார், சத்தம் நின்னுபோகும்” என்றார். நின்றுபோகும் என்பது உண்மைதான். இந்த யோசனை இவ்வளவு சாதாரணமாகப் புழங்குவதுதான் என்னைக் கலங்கச் செய்கிறது. மூன்று பின் வைத்து வரும் ஆம்ப்ளிஃபையரின் உலோக உடல் எர்த்தை நம்பியே வடிவமைக்கப்பட்டது. உள்ளே பேஸ் ஒயர் ஒன்று தளர்ந்து உடலைத் தொட்டுவிட்டால், எர்த் இல்லாத நிலையில் அதன் வால்யூம் குமிழ் முதல் ஆடியோ ஒயரால் இணைந்த மற்றக் கருவிகளின் உடல் வரை அனைத்திலும் 230 வோல்ட் நிற்கும்; முதலில் தொடுபவரின் உடல் வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறியுள்ள, இரட்டைக் காப்பு கொண்ட கருவிகளுக்கு எர்த் தேவையில்லை. அவை இரண்டு பின்னோடுதான் வருகின்றன. மூன்று பின் உள்ளதை இரண்டாக்குவது எந்த இசைக்காகவும் செய்யத் தகாத காரியம்.

ஜூன் 7, சனி

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். இந்தப் பகுதியில் முப்பது வருடங்களாக வேலை செய்பவர். மெயின் போர்டான டிபியைத் திறந்ததும் ஒயர்களைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கறுப்பு ஒயர் ஒன்றை டெஸ்டர் நுனியால் சற்றே விலக்கிக் காட்டினார். “இந்த நியூட்ரலு மூணு ரூமுக்கு ஒண்ணாப் போயிருக்குதுங்க சார். இதுலயே உங்க லைனையும் சேத்தினா ஆர்சிபிஓ நிக்காதுங்க.” மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சாதனம்தான் ஆர்சிபிஓ; நியூட்ரல் பொதுவாக இருந்தால் அது காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும். அந்த நியூட்ரல் திருகின் அடியில் செம்பு கறுத்திருந்தது, துளைக்குள் நுழைவதற்காகப் பழைய ஆள் சில இழைகளை வெட்டியே விட்டிருந்தார். பிரிட்ஜின் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் இந்த மெலிந்த வாய் வழியாகத்தான் போய்வந்திருக்கிறது. அதில் விழும் வோல்ட்டெல்லாம் ஹால் பிளக்கிலும் தெரிந்திருக்கிறது. இசைக்கு அப்பால், இது தீப்பிடிக்கக்கூடிய இடம். அதைச் சரிசெய்வது வேலையின் முதல் அம்சமாகச் சேர்ந்தது.

அடுத்து எர்த். கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவது மூன்று பேஸும் நியூட்ரலும் மட்டுமே; எர்த் என்பது பின்புறம் உள்ள குழிதான். அண்ணன் எர்த் டெஸ்டரின் இரண்டு முளைகளையும் மண்ணில் அடித்து அளந்தபோது 14 ஓம் காட்டியது. பேஸ் ஒயர் கருவியின் உடலைத் தொட்டால் 230ஐ 14ஆல் வகுக்க, அதிகபட்சம் 16 ஆம்பியர்தான் பூமிக்குப் போகும். அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் விழும் 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையவே அசையாது. எர்த் 3 ஓமாக இறங்கினாலும் ஓடப்போவது 76 ஆம்பியர். ‘சி’ வகை எம்சிபி உடனடியாக விழுவதற்குத் தன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். ஆகவே நம் ஊர் வீடுகளில் எம்சிபியை மட்டும் நம்பி மின்கசிவிலிருந்து உயிரைக் காக்க முடியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் சாதனம் கட்டாயம் வேண்டும். எம்சிபியும் அதுவும் ஒன்றாக இருக்கும் 16 ஆம்பியர் ஆர்சிபிஓ ஒன்றை இந்த லைனுக்கென்றே போடுவதாகத் தீர்மானித்தோம். இன்னும் குறைந்த மடங்கிலேயே விழும் ‘பி’ வகை வேண்டாம் என்றதற்குக் காரணம், பெரிய டொராய்டு டிரான்ஸ்பார்மர் சுவிட்ச் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கே விழுந்துகொண்டிருந்தால் பயனில்லை.

ஒயர் அளவில்தான் அதிகம் பேசினோம். டிபியிலிருந்து ஹால் பிளக் வரை 15 மீட்டர். போக வர 30 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் 1.5 சதுர மி.மீ. ஒயரில் ஏறக்குறைய 4 வோல்ட்டும், 2.5இல் 2.4 வோல்ட்டும், 4இல் 1.5 வோல்ட்டும் இழப்பாகும். நாம் பாட்டுக் கேட்கும் அளவில் எல்லாக் கருவிகளும் சேர்ந்தும் சராசரியாக 100 வாட்டைத் தாண்டுவதே அரிது என்பதால் 2.5 தாராளமாகப் போதும். ஆனாலும் ஆம்ப்ளிஃபையரின் கெப்பாசிட்டர்கள் மின் அலையின் உச்சியில் மட்டும், சிறு சிறு துடிப்புகளாக மின்னோட்டத்தை உறிஞ்சுகின்றன. அத்துடிப்பின் உச்சம் சராசரியைப் போல் பல மடங்கு. விலை வித்தியாசமும் பெரிதில்லை. அதனால் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்குமே 4 சதுர மி.மீ. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சாதாரணச் செம்பு ஒயர். 6 போட்டால் பிளக்கின் திருகில் சரியாக அமராது என்றார் அண்ணன். தளர்ந்த திருகு எந்தத் தடித்த ஒயரையும் வீணாக்கிவிடும்.

ஜூன் 11, புதன்

புதிய எர்த் குழி இன்று முடிந்தது. கரியும் உப்பும் போட்ட பழைய முறைக்குப் பதில் செம்பு பூசிய 3 மீட்டர் கம்பி, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் கலவை. ஆடியோவுக்கு மட்டும் இதைத் தனி எர்த்தாக வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வைக்கக் கூடாது. அருகில் இடி விழுந்தால் ஒரே வீட்டின் இரண்டு எர்த்துகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழலாம். ஒன்று டிவியின் உடலிலும் மற்றொன்று ஆம்ப்ளிஃபையரின் உடலிலும் இருந்தால் நடுவிலுள்ள ஆடியோ ஒயர்தான் அதைத் தாங்க வேண்டும். ஆகவே புதிய கம்பியையும் பழைய குழியையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்தோம். இரண்டும் சேர்ந்து 3.2 ஓம்.

ஜூன் 14, சனி

பைப் இழுத்தாயிற்று. சுவரை நீளமாக வெட்டாமல் கூரையோரமாக ஒரு அங்குல பிவிசி பைப். நடுவில் ஜாயின்ட் இல்லை. இன்வெர்ட்டர் லைனுக்கு இணையாக ஓடவிடவில்லை. அதைக் கடக்கும் இடத்தில் செங்குத்தாகக் கடக்கிறது.

ஜூன் 18, புதன்

எங்கள் துணைமின் நிலையத்தில் இன்று மாதாந்திரப் பராமரிப்பு; காலை 9 முதல் மாலை வரை மின்சாரம் இல்லை. டிபி வேலைக்கு இதைத்தான் குறித்து வைத்திருந்தோம். கரண்ட் இல்லையே என்று அண்ணன் அலட்சியமாக இருக்கவில்லை. மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தார்.

ஒயர் முனையில் மாட்டும் உலோக உறையான லக்கை அவர் அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒயரின் மேலுறையைச் சீவும்போது ஒரு இழைகூட அறுபடவில்லை. இழைகளை விரலால் ஒருமுறை முறுக்கி, லக்கின் கழுத்து வரை செலுத்தி, கிரிம்பிங் கருவியால் அழுத்தியபின் பலமாக இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு திருகையும் இறுக்கி, சற்று நேரம் கழித்து மறுபடி இறுக்கினார். பழைய பொது நியூட்ரலைப் பிரித்து மூன்று அறைகளுக்கும் மூன்றாக்கினார். ஹை-ஃபை லைன் மும்முனையில் மோட்டாரும் பிரிட்ஜும் இல்லாத பேஸில் அமர்ந்தது.

500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கையில் காப்புத் தடை 200 மெகா ஓமுக்கு மேல். மாலையில் மின்சாரம் வந்ததும் பிளக்கைச் சோதித்தோம்: எதிரே நின்று பார்க்க மேலே எர்த், வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல். ஆர்சிபிஓவின் டெஸ்ட் பட்டனை அழுத்தினோம், உடனே விழுந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பொறுமையாக உட்கார்ந்து கேட்ட நாள். பிரிட்ஜின் ‘டப்’ அநேகமாகப் போய்விட்டது. நள்ளிரவில் ஸ்பீக்கருக்கு அருகே காதை வைத்தால் மட்டும் எப்போதாவது மெல்லக் கேட்கிறது. மின்னழுத்தம், பிரிட்ஜ் கிளம்பும்போது முன்பு பிளக்கில் 5 வோல்ட் இறங்கியது. இப்போது மீட்டர் நகர்வதைக் காண முடியவில்லை. ஹேர் டிரையர் ரீங்காரம் குறைந்திருக்கிறது, தீரவில்லை. பாதிச் சூட்டில் அது டயோடு வழியாக மின் அலையின் ஒரு பாதியை மட்டும் எடுப்பதால் மின்சாரத்தில் சிறிதளவு நேர்மின்சாரம் கலந்துவிடுகிறது; அதைக் கண்டால் டொராய்டு கலங்கும். வீட்டு நியூட்ரல் தனித்தனியானாலும் கம்பத்து நியூட்ரல் பொதுதானே.

உறுமல் தனி லைனால் துளியும் மாறவில்லை. செட்டாப் பாக்ஸுக்கு முன்னால் கேபிள் டிவி ஒயரில், தெருப் பூமியோடுள்ள தொடர்பை அறுக்கும் ஒரு ஐசோலேட்டரைத் திருகியபின் நின்றது. ரெக்கார்ட் பிளேயரில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போனோ பெட்டி, ரெக்கார்ட் வெட்டும்போது குறைத்த தாழ் ஒலியை ஈடுகட்ட, 50 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ 7 மடங்கு பெருக்கும். சில மில்லி வோல்ட் மட்டுமே தரும் ஊசியோடு சேர்ந்து வரும் உறுமலும் அவ்வாறே பெருகும். பெட்டியை ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலிருந்து தட்டின் மறுமுனைக்கு மாற்றினேன். போதுமானதாக இருக்கிறது.

குரல்கள் தெளிந்தன, மேடை விரிந்தது என்றெல்லாம் எழுத எனக்கு மனம் வரவில்லை. பாட்டு அதே பாட்டுதான். தம்புரா மட்டும் ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கத்தில், சுருதிக்கு அடியில் வேறொன்றும் ஒலிக்காமல் இருக்கிறது. நான் கேட்டது இதைத்தான்.

ஜூலை 6, ஞாயிறு

டிபி கதவின் உட்புறம் எந்த எம்சிபி எதற்கு என்று எழுதி ஒட்டினேன். ஆர்சிபிஓவின் டெஸ்ட் பட்டனை மாதந்தோறும் முதல் ஞாயிறன்று அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இன்று அழுத்தினேன், விழுந்தது. சர்ஜ் புரொடக்டருக்கு டிபியில் இடம் விட்டிருக்கிறோம். ஐப்பசி இடிமழைக்கு முன் அதையும் மாட்டித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.