மலையில் ட்யூன் பண்ணிய டர்போ, கடல் மட்டத்தில்

தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா பக்கம் டர்போ கார் வைத்திருக்கும் தம்பிமார் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "அண்ணே, பூஸ்ட் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்றுதான். பூஸ்ட் என்றால் டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் காற்றின் அழுத்தம். டயரில் காற்று எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. 402 மீற்றர் ட்ராக் (drag, நேர்கோட்டு வேகப் போட்டி) ஓட்டத்தில் எங்களுடையது மாதிரி ரோட்டில் ஓடும் கார்களுக்கு நேரம் மிச்சமாவது பெரும்பாலும் டயரில்தான்.

என்னுடையது டொயோட்டா ஸ்டார்லட் ஜீடி டர்போ, ஈபி82. 1.3 லீற்றர் எஞ்சின், கம்பனிக் கணக்கில் 135 குதிரைவலு, முன் சில்லு இழுவை. இப்போது எஞ்சினை இயக்கத் தனிக் கம்ப்யூட்டர் போட்டு 0.9 பார் பூஸ்டில் ஓடுகிறது. நுவரெலியாவில் இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தாலும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். அதே கார் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த பழைய விமானத்தளம் மாதிரி கடல் மட்டத்து இடத்துக்கு இறங்கினால் முதல் கியர் முழுக்க டயர் பிடிக்காமல் சுற்றும். காரில் எதையும் மாற்றியிருக்க மாட்டோம். மாறுவது காற்று.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 81 கிலோ பாஸ்கல், கடற்கரையில் 101. பூஸ்ட் அளவு மீறாமல் புகையை வேறு பக்கம் திருப்பிவிடும் வால்வுதான் வேஸ்ட்கேட். சாதாரண வேஸ்ட்கேட் அக்சுவேட்டரின் ஸ்பிரிங் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் திறக்கும். அதனால் பூஸ்ட் மீற்றரில் இரண்டு இடத்திலும் அதே 0.9 பார் காட்டும். ஆனால் 0.9 பார் என்பது 90 கிலோ பாஸ்கல், அதனால் எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் மேலே 171, கீழே 191. கீழே சுமார் பத்து வீதம் கூடுதல் இழுவை வருகிறது, வெயில் சூடு அதில் கொஞ்சத்தைக் கழிக்கும். ஏற்கெனவே திணறுகிற முன் டயருக்கு இந்தக் கூடுதல் பெரிய சுமை.

இதில் ஆபத்தும் இருக்கிறது. மலையில் மட்டும் ஓட்டி ட்யூன் பண்ணிய கம்ப்யூட்டரின் அட்டவணையில் அழுத்தம் 171க்கு மேலே உள்ள கட்டங்களை எஞ்சின் ஒரு நாளும் தொட்டிருக்காது. அங்கே பெற்றோல் அளவும் பற்றவைக்கும் நேரமும் வெறும் ஊகம். கீழே போய் முதல் ஓட்டத்திலேயே அந்தக் கட்டங்களுக்குள் நுழைந்தால், சூடான காற்றும் சேர்ந்து, நொக்கிங் (பெற்றோல் நேரம் தவறி வெடிப்பது) வந்து பிஸ்டன் போய்விடும். ஹட்டனில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் பாஸ் இதில் கறார். அந்தக் கட்டங்களில் பெற்றோலைக் கூட்டி, டைமிங்கைக் குறைத்து வைத்தால்தான் காரைக் கீழே அனுப்புவார். பெற்றோல் 95 ஒக்டேன், அதில் பேச்சே இல்லை.

சரி, டயருக்கு வருவோம். முன் சில்லு இழுக்கும் காருக்கு ட்ராக் ஓட்டத்தில் பிறவிக் குறை ஒன்று உண்டு. கார் பாயும்போது எடை பின்னுக்குப் போகிறது. ஸ்டார்லட்டின் இரண்டு அச்சுக்கும் இடையே 2.3 மீற்றர்தான். என்னோடு சேர்த்து 900 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அரை ஜீ முடுக்கத்தில் (புவியீர்ப்பில் பாதி) கிளம்பினால் ஏறத்தாழ 100 கிலோ முன் டயரை விட்டுப் போய்விடும். பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் எடை போகாது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. எவ்வளவு எடை நகரும் என்பதைக் காரின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அச்சு இடைவெளி எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறோம் என்பவைதான் தீர்மானிக்கின்றன. கடினமான பின் ஸ்பிரிங்கின் பயன் வேறு: மூக்கு மேலே எழும்பாது, முன் டயர் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கும். அதற்காகப் போடலாம்.

பின்னால் கிடக்கும் ஸ்பெயார் வீல், ஜக், பின் சீட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பற்றரியைப் பின்னுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது பின் சில்லு இழுக்கும் கார்க்காரர்களின் வேலை. நமக்கு அந்த எடை முன்னால்தான் வேண்டும்.

டயர் அழுத்தத்துக்கு நான் நம்புவது சோக்கட்டியை. முன் டயரின் குறுக்கே ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தடித்த கோடு ஒன்று போடுவேன். காரை நேராகக் கொஞ்சத் தூரம் உருட்டிவிட்டுக் குனிந்து பார்ப்பேன். நடுவில் மட்டும் அழிந்து இரண்டு ஓரத்திலும் வெள்ளை மிச்சமிருந்தால் காற்று கூட. ஓரம் அழிந்து நடு நின்றால் காற்று குறைவு. முழுக் கோடும் ஒரே மாதிரி மங்கும் இடம் என் செமி ஸ்லிக் (வெட்டுகள் குறைந்த, போட்டிக்கான) டயரில் 22 பீஎஸ்ஐக்குப் பக்கத்தில் வருகிறது. உங்கள் டயருக்கு வேறு எண் வரலாம், போட்டுப் பாருங்கள். பின் டயருக்கு 40. அங்கே பிடி தேவையில்லை, லேசாக உருண்டால் போதும்.

கிளம்பும்போது முன்பக்கம் டக டக என்று குதித்தால் எஞ்சினைத் தாங்கும் மவுன்டைப் பாருங்கள். என் முன் மவுன்டைக் கழற்றியபோது றப்பர் பாதி கிழிந்து, விரலை உள்ளே விடும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும்போதெல்லாம் டயர் பிடித்து, விட்டு, திரும்பப் பிடிக்கும். சில்லைச் சுழற்றும் ட்ரைவ் ஷாஃப்ட் முறிவதற்கும் இது ஒரு காரணம். பொலியூரிதேன் மவுன்ட் போட்டதும் குதிப்பு நின்றது. ஸ்டீயரிங் கொஞ்சம் அதிரும், அது பரவாயில்லை.

அப்புறம்தான் பூஸ்ட். முதல் கியரில் 0.5, இரண்டாவதில் 0.75, மூன்றாவதில் இருந்து முழுசாக 0.9. இந்த சின்ன சீரி9 டர்போ சீக்கிரமே ஊதத் தொடங்கும், அதனால் 5,500 சுற்றில் கிளட்ச்சைத் தூக்கி எறிய வேண்டிய அவசியமே இல்லை. 3,500 பக்கம் பிடித்து, கிளட்ச்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டு, கார் நகர்ந்ததும் முழுசாக மிதிப்பது. இவ்வளவையும் செய்த பிறகு முதல் 60 அடிக்கான நேரம் 2.4 செக்கனில் இருந்து 2.2க்கு வந்தது. தொடக்கத்தில் நேரம் குறைந்தால் முடிவுக்கோட்டில் அதைவிடக் கூடுதலாகவே குறையும், ஏனென்றால் மீதித் தூரம் முழுவதையும் கூடின வேகத்தோடு ஓடுகிறோம். குதிரைவலு ஒன்றுகூட ஏறவில்லை.

இதை நுவரெலியா கிரகரி வாவி ரோட்டில் இரவில் பழகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஓட்டத்தில் ஒரு கார் தடம் விலகி ஏழு பேர் இறந்தார்கள். ஒழுங்கு செய்து நடத்திய போட்டியில் அது. ரோட்டோரம் நிற்கும் சனத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அனுமதியோடு நடக்கும் ஓட்டத்துக்கு மட்டும் போங்கள்.

அடுத்து எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்) போட வேண்டும். இப்போது ஒரு சில்லு சுற்றத் தொடங்கினால் மற்றதும் சேர்ந்து வலுவிழக்கிறது. காசு சேர்ந்ததும் முதல் வேலை அதுதான்.

கீழே போகிறவர்களுக்கு இன்னொன்று. ஓட்டம் முடிந்ததும் பின் டயரை 40லேயே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் மழை பிடிக்கும், வளைவில் பின்பக்கம் வழுக்கிவிடும். செமி ஸ்லிக்கைக் கழற்றி, ரோட்டு டயரைப் போட்டு, நாலிலும் 30க்குக் காற்றைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள்.