சத்துமாவு டப்பா வேண்டாம், மெஷின் வாங்கிக் கொடு

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, எங்க ஆபீஸ்ல கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்காங்க. உங்க மலைப்பக்கத்துப் பிள்ளைங்களுக்குச் சத்துப் பவுடர், ஸ்கூல் பேக்கு கொடுக்கலாம்னு இருக்கோம். ஒருநாள் வந்துட்டுப் போயிடுவோம்."

தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டான். தெரிந்ததால்தான் வேண்டாம் என்றேன்.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கிறது சிட்லிங் பள்ளத்தாக்கு. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். (கேரளத்துக்காரர்கள் இல்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பார்கள்.) 1993-இல் டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தபோது, ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பிற்பாடு அது 20 பக்கத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி வந்தது மட்டும் காரணமில்லை. ஊர்ப் பெண்களையே பழக்கினார்கள். பிள்ளையை எடை போடுவது, மாசமாக இருப்பவளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். வெளியூர்க்காரி நான் போய் "கீரை சாப்பிடும்மா" என்றால் தலையாட்டுவாள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னால்தான் சாப்பிடுவாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு உண்டு, இப்போது காலை உணவும் வந்துவிட்டது. இடி விழுவது மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தலையில். அங்கன்வாடியில் கொடுத்தனுப்பும் சத்துமாவை வீட்டில் எல்லாருமாகத்தான் சாப்பிடுவார்கள். பசிக்கிற வீட்டில் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. இதில் பவுடர் டப்பா எத்தனை நாளைக்கு வரும்?

பழைய சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. மரவள்ளியும் கரும்பும் காசு கொடுத்தன, ரேஷன் அரிசி வந்தது, சாமை குறைந்தது. "பாரம்பரியத்தை மறந்துட்டாங்க" என்று டவுனில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கேழ்வரகை அப்படியே அரைத்துக் களி கிண்டலாம். சாமை அப்படி இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, மேலே இறுகிய உமி. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். நாள் முழுக்கக் களை எடுத்துவிட்டு வருகிறவள் ராத்திரி உலக்கையைத் தூக்குவாளா? அதனால் சாமையை உமியோடு வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்கள். அதுவே அரிசியாகிப் பளபள பாக்கெட்டில் சென்னைக் கடையில் உட்கார்ந்திருக்கிறது.

அக்கா மகனிடம் நான் கேட்டது இதுதான்: உமி நீக்கும் மெஷின் ஒன்று, அதற்கு ஒரு ஷெட், மும்முனை மின்சாரம், கணக்கு எழுத ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஒரு வருஷச் சம்பளம்.

"அதுல பிள்ளைங்க போட்டோ வராதே சித்தி" என்றான்.

படிப்பும் இதில்தான் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 80 சதவீதம், பழங்குடிகளில் 54. தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பு எடுத்திருக்கிறேன். அகரம் எழுதச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். தராசு முள் எங்கே நிற்கிறது, வியாபாரி துண்டுச்சீட்டில் எத்தனை கிலோ எழுதினான் என்று ஆரம்பித்தால் ஒருத்தி நகரமாட்டாள். மெஷின் ஷெட்டில் சீட்டும் நோட்டும் தினமும் இருக்கும், தனியாக வகுப்பு என்று கூப்பிட வேண்டியதில்லை. மீதிப் பணத்தில் படம் போட்ட கதைப் புத்தகங்கள் வாங்கி அங்கேயே வைக்கச் சொன்னேன். பேக்கு வேண்டாம், அரசாங்கமே கொடுக்கிறது.

அவன் மேலிடத்தில் பேசிவிட்டு, பாதிப் பணத்துக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறான். ஊரில் போய்ச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. "பெல்ட்டு அறுந்தா யாரு வந்து மாத்துவா?" என்றார் ஒரு பாட்டி. அரூரில் ஒரு மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறேன். ஊரில் பத்தாவது முடித்த இரண்டு பெண்களுக்கு அவர் கற்றுக்கொடுப்பதாக ஏற்பாடு. பஸ் செலவு யார் தருவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.