இறங்கத் தெரியாமல் ஏறியவள்

மகள் லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. கார் இன்னும் போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது. கேட்டால், "கொஞ்சம் தைரியம் வரட்டும்மா" என்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது என் சைக்கிள் கதையை எடுத்துவிட்டேன்.

1992. புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் அறிவொளி இயக்கம் சூடுபிடித்திருந்த நேரம். 19 வயதில் நானும் ஒரு தொண்டர். பகலெல்லாம் கல்லுடைத்துவிட்டு வரும் பெண்களுக்குப் பக்கத்து ஊரில் ராத்திரி வகுப்பு. அண்ணன்தான் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவான். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழகினேன். யாராவது பிடித்து ஏற்றிவிட்டால் ஓட்டுவேன். இறங்கத்தான் வராது. அப்பாவுடையது பார் வைத்த சைக்கிள், தாவணியோடு காலைத் தூக்கிப் போட்டு இறங்குவதற்குள் சாய்ந்துவிடும்.

ஒருநாள் அண்ணன் வரவே இல்லை. மணி ஏழரை. வகுப்புக்கான அரிக்கேன் விளக்கும் சாக்பீஸும் என்னிடம். நான் போகாவிட்டால் அவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விளக்கை ஹேண்டில்பாரில் மாட்டினேன். திண்ணையை ஒட்டி சைக்கிளை நிறுத்தி ஏறிவிட்டேன். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை, வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தது. மூன்று கிலோமீட்டரும் கப்பிச் சாலை. ஒரு நாய் வேறு துரத்தியது. உண்மையில் அதனால்தான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன்.

வேப்பமரத்தடியில் எல்லோரும் காத்திருந்தார்கள். எப்படி நிறுத்துவது? மரத்தைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் வெட்கத்தை விட்டு, "அக்கா, பிடிங்க, பிடிங்க!" என்று கத்தினேன். நாலு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். கல்லுடைத்துக் காய்த்துப்போன கைகள், சைக்கிள் அப்படியே நின்றது. விளக்கின் சிம்னிதான் விரிசல் விட்டுவிட்டது. அன்றைக்கு முழுக்கப் புகைந்துகொண்டே எரிந்தது.

வகுப்பு முடிந்ததும் ஓர் அக்கா சைக்கிள் சீட்டைத் தடவிக்கொண்டே, "எனக்கும் கத்துக் குடு தாயி" என்றார்.

"எனக்கே எறங்கத் தெரியாதுக்கா."

"ஏறச் சொல்லிக் குடு. எறக்கத்தான் இத்தனை பேர் இருக்கோமே."

அந்தச் சமயத்தில் மாவட்டத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் பார் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் பிள்ளையை உட்காரவைக்க பார் வசதி என்றுகூடச் சொன்னார்கள். அந்த அக்காவும் பழைய பார் சைக்கிள் ஒன்று வாங்கினார். பாரில் மகன், கேரியரில் தண்ணீர்க் குடம். எனக்கு முன்னால் அவருக்கு இறங்க வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

மகள் சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இன்று காலை எழுந்து பார்த்தால் வாசலில் காரைக் காணவில்லை. கேட் தூணோரம் இடது பக்கக் கண்ணாடி மட்டும் கிடந்தது. எடுத்துத் துடைத்து டிவி மேல் வைத்திருக்கிறேன்.