சாதனை (ஆன்மிகப் பயிற்சி) வேண்டாம் என்று ரமணர் சொன்னாரா?

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கம் சத்சங்க சீசன் களைகட்டும். பேச வருபவர்களில் பலர் ரமணரையும், 1944-ல் அவரைச் சந்தித்து, பின்னாளில் லக்னோவில் குருவாக இருந்த பூஞ்சாவையும் தங்கள் குருபரம்பரையாகச் சொல்கிறார்கள். போதனை இவ்வளவுதான்: "நீ ஏற்கெனவே அதுதான். செய்ய ஒன்றுமில்லை, செய்வதற்கு ஆளுமில்லை."

முதல் வாக்கியம் வேதாந்தம். இரண்டாவதற்கு ரமணரைச் சாட்சியாக இழுப்பது அநியாயம். 1896-ல் மதுரையில், பதினாறு வயதில், சாதனை எதுவுமில்லாமல் அவருக்கு ஆத்ம ஞானம் வாய்த்தது உண்மை. தன்னிடம் வந்தவர்களுக்கு அவர் சொன்னது வேறு. எண்ணம் எழும்போதெல்லாம் 'இது யாருக்கு?' என்று பார். 'எனக்கு' என்று வந்தால் 'நான் யார்?' என்று உள்ளே திரும்பு. விஷய வாசனைகள், அதாவது உலகப் பொருள்களை நாடும் பழைய பதிவுகள், மனதில் இருக்கும்வரை விடாதே. தான் பாடிய உபதேச உந்தியார் என்ற நூலில் (1927) பூசை, செபம், தியானம், மூச்சடக்கம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

அந்நூலின் 13-ஆம் பாடலைத்தான் இவர்கள் தொடுவதே இல்லை. மனம் ஒடுங்குவதில் இரண்டு வகை: இலயம், நாசம். இலயித்த மனம் மறுபடி எழும், நாசமானது எழாது. சத்சங்கத்தில் நடப்பது இது: நீண்ட மௌனம், ஆசிரியரின் இமைக்காத பார்வை, திடீரென்று ஒரு கேள்வி. மனம் சட்டென்று நின்று அழுகையோ சிரிப்போ பொங்கும். பெரும்பாலும் இது இலயம்தான். அங்கேயே "நீ விழித்துவிட்டாய்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஊர் திரும்பியதும் பழைய கோபமும் பயமும் தலைதூக்கும். ஒருவர் கிடைத்ததை இழந்துவிட்டோமென்று அடுத்த ரிட்ரீட்டுக்கு (தங்கிப் பயிலும் முகாமுக்கு) பணம் கட்டுவார். இன்னொருவர் "கோபப்பட இங்கே யாருமில்லை" என்று தன் கோபத்துக்கே ஞானப் பட்டம் கட்டுவார். இந்த இரண்டாமவர் போதிக்கத் தொடங்கினால் அவரை நம்பியவர்கள் பாடு கஷ்டம்.

அமெரிக்கரான ஆண்ட்ரூ கோஹன் 1986-ல் பூஞ்சாவைச் சந்தித்து, அதே ஆண்டிலேயே போதிக்கத் தொடங்கியவர். சீடர்களின் குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு 2013-ல் குரு பொறுப்பைவிட்டு விலகினார். விழிப்பு ஆழமாக இருந்தும் தன் அகங்காரம் சாகவில்லை என்று அப்போது அவரே எழுதினார். 13-ஆம் பாடலுக்கு இதைவிட உரை வேண்டியதில்லை.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. "வீட்டில் அடிக்கிறார்" என்று அழும் பெண்ணிடம் மேடையிலிருந்து "அடி வாங்குவது யார்?" என்று கேட்பது. 'நான் யார்?' என்ற ஆத்ம விசாரம் தன்னைத் தானே கேட்டுக்கொள்வது. அடுத்தவர் வாயை அடைப்பதற்கு அல்ல. எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதத்தை உள்ளத்தில் வை, செயலில் காட்டாதே என்ற வடமொழிச் சுலோகத்தை ரமணரே தமிழாக்கி தன் 'உள்ளது நாற்பது அனுபந்தம்' நூலில் 39-ஆம் பாடலாக வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அப்போது வேண்டியது பாதுகாப்பான இடமும் வக்கீலும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர் இப்படியொரு பதிலை நம்பி மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

போய் உட்காருவதற்கு முன் விசாரியுங்கள். அனுபவம் மங்கிய பிறகு என்ன செய்யச் சொல்கிறார்? வசூலாகும் பணத்துக்குக் கணக்கு காட்டுகிறார்களா? அவர்மீதே புகார் இருந்தால் யாரிடம் போவது? விலகிப்போன பழைய சீடர் ஒருவரிடமாவது பேசிப் பாருங்கள்.