ஃபால்க்ஸ்: தோய்ச்சல் தாண்டியும் வளைவு நின்றது

இன்றைய ருமேனியப் பகுதியில் ரோமானியரை எதிர்த்த டேசியர்களின் இருகை வளைவாளான ஃபால்க்ஸின் மாதிரி ஒன்று, தோய்ச்சல் (காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கி இறுக்குவது) முடிந்து, விரிசலோ கோணலோ இல்லாமல் வந்துவிட்டது. மெருகும் பிடியும் பாக்கி. அதற்கு முன் வளைவைப் பற்றி எழுதிவிடுகிறேன். இந்த வேலையின் கஷ்டம் முழுக்க அதில்தான்.

வடிவம் ருமேனியாவின் அடாம்கிளிசி நினைவுச்சின்னச் சிற்பங்களிலிருந்து (கி.பி. 109) எடுத்தது. இரு கையாலும் ஓங்கும் நீண்ட ஃபால்க்ஸ் அங்கேதான் தெளிவாகத் தெரியும். ரோமில் உள்ள டிராஜன் தூணில் பெரும்பாலும் ஒற்றைக்கையால் பிடிக்கும் குட்டை வளைவாளான சீக்காதான். இரண்டையும் கலந்துகட்டிய மாதிரிகள் கடைகளில் நிறைய, வாங்காதீர்கள். கதிர் அரிவாள் போல உள்வளைவில்தான் கூர். கேடய விளிம்பைத் தாண்டி நுனி இறங்கிவிடும். ரோமானியர் வலக்கைக்குப் பட்டைக் கவசமும் ஹெல்மெட் உச்சிக்குக் குறுக்குப் பட்டையும் சேர்த்தது இந்த அடிக்குப் பயந்துதான் என்று பலரும் கருதுகிறார்கள். அடாம்கிளிசிச் சிற்பங்களில் அந்தக் கைக்கவசத்தையும் பார்க்கலாம்.

5160 எனும் ஸ்பிரிங் எஃகு, 40 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம், அலகு 55 செ.மீ. பழைய லாரி ஸ்பிரிங்கிலும் செய்யலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோய்ச்சலில்தான் வாயைத் திறக்கும். புதுப் பட்டைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

வளைவுக்கு வருகிறேன். உள்பக்கம் கூர்ச்சரிவு அடிக்க அடிக்க அந்த ஓரம் நீளும். நீண்டால் வளைவு விரியும். ஆகவே சரிவு எடுக்கும் முன்பே வேண்டியதைவிட இறுக்கமாக வளைத்துவிட வேண்டும். கடைசியில் வளைவின் ஆழம் (நுனியையும் அடியையும் இணைக்கும் கோட்டிலிருந்து நடு வரை) 9 செ.மீ. வேண்டுமென்றால் 12-ல் தொடங்குங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் பிளைவுட் அச்சில் வைத்துப் பாருங்கள். விரிந்தால் பட்டடைக் கொம்பின் மேல் உள்வளைவைப் பொருத்தி, முதுகில் மரச்சுத்தியால் தட்டினால் போதும். இதற்காகவே கூர் ஓரத்தை 2 மி.மீ. கனமாக விட வேண்டும். மெலிந்த ஓரம் கொம்பில் நசுங்கும், எண்ணெயிலும் அலை அலையாகக் கோணும்.

தோய்ச்சலுக்கு முன் மூன்று முறை, சூட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே காய்ச்சி, காற்றில் ஆறவிட வேண்டும். பிறகு காந்தம் ஒட்டாத நிலையையும் தாண்டி 830–840 டிகிரி செல்சியஸ். குழாய்த் தொட்டியில் இந்தக் கொக்கி நுழையாது. அகலத் தொட்டி, 55 டிகிரி எண்ணெய். கூர் கீழே பார்க்க இறக்கினால் நுனியும் அடியும் முதலில் தொடும், நடு வளைவு கடைசியில்தான் நனையும். தயங்காமல் ஒரே வீச்சில் முழுக்கி, நீளவாக்கில் மட்டும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் கோணிவிடும். ஆறியதும் தாமதிக்காமல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை பதம், அதாவது உடையாமல் இருக்க மிதமாகச் சூடாக்குவது.

சாணை பிடிக்கத் தட்டைப் பலகை உதவாது. தளர்ந்த பெல்ட் வேண்டும், அதுவும் எளிதில் வளையும் மெல்லிய துணி பெல்ட்டான ஜே-ஃப்ளெக்ஸ். தடித்த பெல்ட்டின் ஓரம் வளைவின் அடியில் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டை எடுக்க அரைவட்ட அரத்தால் வெகுநேரம் தேய்க்க வேண்டும். காட்சிக்குத்தான் என்பதால் கூர் முழுதாக எடுக்கவில்லை.

பிடிக்கு ஆஷ் மரம், 45 செ.மீ., அடியில் இரும்புப் பூண். அடுத்தது சீக்கா; 30 செ.மீ. பட்டை வெட்டியாயிற்று. அதன் பின், வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹாட்ரியன் சுவரில், பர்டோஸ்வால்ட் கோட்டையில் இருந்த ரோமப் படையின் டேசியப் படைப்பிரிவு கல்வெட்டில் செதுக்கி வைத்த வாளையும் அளவெடுத்து வரைய வேண்டும்.