அணியம் தூக்கல்

ஜனவரி 12, ஞாயிறு

அலைமேல் நின்று சறுக்கும் சர்ஃப் பலகை ஒன்றைப் புதுச்சேரியில் பழசாக வாங்கியிருந்தேன். அதை இன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் இறக்கினேன். இரண்டு மணி நேரம் கைகளால் துழாவியும் ஓர் அலைகூட ஏற்றிக்கொள்ளவில்லை. அலை வருகிறது, அடியில் புகுந்து போய்விடுகிறது. படுத்தால் மார்பு வரை தண்ணீர். பலகையின் அடியில் 6'2", 18½", 2⅜" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. நீளம், அகலம், கனம். பக்கத்திலேயே 28 லிட்டர். வாங்கும்போது இதையெல்லாம் யார் படித்தார்கள்?

ஜனவரி 13

லிட்டர் என்றால் பலகையின் மொத்தப் பருமன். அது கூடக்கூட மிதப்பு கூடும். நான் 74 கிலோ. புதுச்சேரி செரினிட்டி கடற்கரையில் கற்றுக்கொண்டபோது தந்த எட்டடி ஃபோம் பலகை 70 லிட்டருக்கு மேல். அதில் எழுந்து நின்றதை என் திறமை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கால் வைக்க இடமில்லை. பலகையை வாசலில் கவிழ்த்துப் போட்டு, நடுமுதுகில் படும்படி நேரான கம்பு ஒன்றை வைத்தேன். மூக்கு நுனியில் கம்புக்கும் பலகைக்கும் ஐந்து அங்குல இடைவெளி. இந்த வளைவுதான் ராக்கர்.

ஒருகாலத்தில் கட்டுமரத்தில் கடலுக்குப் போன பெரியப்பா பார்த்ததும் சொன்னார்: "அணியம் ரொம்பத் தூக்கலா இருக்கேடா. செங்குத்தா ஒடையிற அலையில குத்தாது, சரி. ஆனா தண்ணியத் தள்ளிக்கிட்டே போவும், ஓட்டம் இருக்காது." அணியம் என்றால் படகின் முன்முனை; இங்கே பலகையின் மூக்கு. ராக்கர் பற்றி நான் இரவெல்லாம் படித்தது இவ்வளவுதான்.

விளிம்பை உள்ளங்கையால் தடவினார். இதற்கு ரெயில் என்று பெயர். நடுவில் உருண்டை, வாலில் கூர். கூரான இடத்தில் தண்ணீர் சட்டென்று பிரியும், வேகம் வரும். உருண்டையில் ஒட்டிச் சுற்றும்.

"மூணு சுக்கான் எதுக்கு?"

"சுக்கான் இல்ல பெரியப்பா, ஃபின். வால் வழுக்காமப் பிடிச்சுக்கும்." ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1980-இல் இந்த மூன்று ஃபின் அமைப்பைக் கொண்டுவந்தார் என்றேன். யார் அது என்பதுபோல் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

வாலில் விரிசல். ஃபைபர் படகு ஒட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பாலியெஸ்டர் ரெசின் என்ற பசையைக் கலக்கப் போனவர், எதற்கோ விரிசலை நகத்தால் சுரண்டினார். வெள்ளை மணிமணியாக உதிர்ந்தது.

"தெர்மாகோல் தம்பி இது. இத ஊத்தினா உள்ள கரைஞ்சு பள்ளமாயிடும்."

விற்றவர் இந்த ரெசினில் கரையாத பாலியூரித்தேன் ஃபோம் என்று சத்தியம் செய்தார். தெர்மாகோலைக் கரைக்காத எபாக்சி ரெசின்தான் வாங்க வேண்டும், அது விலை கூட. அதுவரை பலகை வாலைத் தொங்கவிட்டு நிழலில் காய்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

எட்டடிப் பலகையை வாடகைக்கு எடுத்துவந்தேன். முதல் அலையே ஏற்றிக்கொண்டது. கரையோரம் அலை செங்குத்தாக எழுந்ததும், தட்டையான மூக்கு நேராகத் தண்ணீரில் குத்தி என்னைக் கவிழ்த்தது. வாயெல்லாம் மணல். எழுந்து பார்த்தால், பெரியப்பா கரையில் நின்று கையை மேலே வளைத்துக் காட்டுகிறார். அணியம்.